நீலக் கை

நானோ துகள் படலம் பூசிய அந்தக் கண்ணாடி, சூடு பட்டால் நீலத்திலிருந்து பச்சையாகும். ஆய்வகத்தில் எல்லோர் கையும் அதில் பச்சையாகப் பதிந்தது. ஜெசிந்தாவின் சில்லிட்ட கை மட்டும் பதியவே இல்லை. "எனக்கு உசிரே இல்ல போல" என்று சிரித்தாள். அவளுக்காகவே வில்லவன், இன்னும் குறைந்த சூட்டில் மாறும் படலம் ஒன்றைச் செய்தான். அதைக் காட்ட அழைத்த மதியம் கரண்ட் போய், ஏசி நின்று, அறையின் வெக்கையிலேயே கண்ணாடி முழுக்கப் பச்சையாகிவிட்டது.

"போச்சு" என்றான்.

"இருங்க" என்று ஜெசிந்தா உள்ளங்கையை அழுத்தி எடுத்தாள். பச்சைக்கு நடுவே, ஐந்து விரலோடும் நீலமாக ஒரு கை. ஓரம் மெல்லப் பச்சையாகத் தொடங்கியது.

"நீங்களும் அது மேல வைங்க."

வில்லவன் தன் சூடான கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.