அடுத்த காம்பராச் சத்தம்

“ஒருத்தி அடியே வாங்கினாலும் அடுத்த காம்பராக்காரங்களுக்கு என்ன வேலை? வீட்டுக்குள்ள நடக்கிறது வீட்டோட.”

தோட்டத்து லயத்தில் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை எட்டாது. கிஷாந்த் போட்ட சத்தம் அப்படியே மீனம்மாவின் அடுப்படியில் வந்து விழுந்தது. தட்டிக்கொண்டிருந்த ரொட்டி கையிலேயே நின்றது.

இதோடு நாலாவது நாள். மஸ்கெலியாவில் ஆட்டோ ஓட்டுகிற பையன். கல்யாணமாகி மூன்று மாசம்கூட ஆகவில்லை. பார்த்தால் பூனை மாதிரி இருப்பான். அவன் கட்டிவந்த கிருஷாந்தி தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர், தங்கமான பெண்.

அன்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்தவர்களிடம் மீனம்மா சொல்லிப் பார்த்திருந்தாள்.

“புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம் அக்கா. நமக்கெதுக்கு?” என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு நடையைக் கட்டினார்கள்.

மீனம்மாவின் தங்கை ராசம்மா, கினிகத்தேனைப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் ஆறு வருஷம் அடி வாங்கினாள். அந்த லயத்திலும் எல்லோருக்கும் காது இருந்தது. கதவைத்தான் யாரும் தட்டவில்லை. நினைத்தால் மீனம்மாவுக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கும்.

“நீ தொண்டை கிழியக் கத்தினாலும் இந்த லயத்துல ஒருத்தரும் வரமாட்டாங்க, தெரியுமா?”

சுவருக்கு அப்பால் மறுபடி கிஷாந்த்தான். கிருஷாந்தியிடமிருந்து பதிலே இல்லை.

அவ்வளவுதான். அடுப்போரம் கிடந்த விறகுக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மீனம்மா அந்தக் கதவைத் தள்ளினாள்.

“ஏன் வரமாட்டோம்? இந்தா வந்துட்டேன். அந்தப் புள்ள மேல கை வச்சுப் பாரு.”

கிஷாந்த் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அவன் கையில் எழுத்து நிறைந்த ஒரு கொப்பி. கிருஷாந்தி பாயில் பேனாவும் பிளேன்டீயுமாக உட்கார்ந்திருந்தாள்.

“அடிக்கல அக்கா. வாதம் பண்றேன்,” என்றான் பாவமாக.

கிருஷாந்திதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டத்துக்கு மெய்யியல் படிக்கிறாளாம். சனிக்கிழமை ஹட்டனில் வகுப்பு. ‘அடுத்த வீட்டில் ஒருவர் துன்பப்பட்டால் தலையிடுவது நம் கடமையா?’ என்று ஒரு கட்டுரை. கடமைதான் என்று நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். விரிவுரையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“‘நீங்களே ஒரு நோஞ்சான எதிர்ல நிறுத்தி, நீங்களே தள்ளி விடுறீங்க. எதிராளி பேச்ச அவன் முழு பலத்தோட எழுதுங்க, அப்புறம் பதில் சொல்லுங்க’ன்னாரு. அதான் இவர எதிராளியாக்கிட்டேன். சத்தம் போட்டுப் பேசச் சொன்னதும் நான்தான் அக்கா.”

மீனம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. கட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினாள்.

“நான் சொன்ன எல்லாத்துக்கும் பதில் எழுதிட்டா அக்கா,” என்றான் கிஷாந்த். “ஒண்ணே ஒண்ணுக்குத்தான் நாலு நாளா முழிக்கிறா. நெசத்துல ஒருத்தரும் வரமாட்டாங்களே, அப்புறம் கடமைன்னு எழுதி என்ன பிரயோசனம்னு கேட்டேன்.”

கிருஷாந்தி எழுந்து வந்து மீனம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அந்தக் கட்டையோட அப்படியே உக்காருங்க அக்கா. பதில் வந்துருச்சு, எழுதி முடிச்சிடுறேன்.”