தேன் நிற எண்ணெய்

"மூணாவது தடவையா கார் கிளம்ப மாட்டேங்குது! வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க தம்பி. எதுக்கு எங்களை இப்படி அலைய விடறீங்க?"

ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மெக்கானிக்கின் காது சிவந்தது. தெருவில் அவருக்கு 'உடும்பு' என்று பெயர். ஒரு ரிப்பேரைப் பிடித்தால் லேசில் விடமாட்டார்.

அம்மாளின் கணவர், ரிடையர்டான போஸ்ட் மாஸ்டர், சங்கடத்தில் நெளிந்தார். "விடும்மா. வண்டிக்கும் வயசாச்சில்ல?"

"வயசானதை வித்துத் தொலைக்கணும். டாக்சில போனா குறைஞ்சா போயிடுவீங்க?"

"என் வண்டியை நான்தான் ஓட்டுவேன். அதுல மாத்தமே இல்லை."

"நாளைக்குக் காலைல வாங்க சார். காரணத்தைக் கண்டுபிடிக்காம நான் சோத்துல கை வைக்கறதில்லை" என்றார் உடும்பு.

அவர்கள் போனதும் நாலு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். போன இரண்டு தடவை போலவே நாலும் எண்ணெயில் நனைந்திருந்தன. அப்புறம் எங்கே தீப்பொறி வரும், எங்கே வண்டி கிளம்பும்? போன தடவைகளில் துடைத்து மாட்டி அனுப்பிவிட்டார். இந்தத் தடவை துடைக்காமல் ஒரு தட்டில் வைத்தார்.

பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெய் கசிந்திருந்தால், சிலிண்டரில் அழுத்தம் குறையும். மீட்டர் வைத்துப் பார்த்தார். நாலு சிலிண்டரும் கிண்ணென்று இருந்தன.

வால்வு சீல் வழியாகக் கசிந்திருந்தால் நீலப் புகை வரும். புது பிளக் மாட்டி, ஊரை இரண்டு சுற்று சுற்றினார். புகையும் இல்லை, திணறலும் இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"அப்போ எண்ணெய் வானத்துலேர்ந்தா வருது?"

இன்ஜின் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவி ஒரு வெள்ளைத் துணியில் துடைத்தார். மை மாதிரி கன்னங்கரேல். தட்டிலிருந்த பிளக்கைப் பார்த்தார். தேன் நிறத்தில், டப்பாவிலிருந்து அப்போதுதான் ஊற்றிய மாதிரி, புத்தம்புது எண்ணெய்.

இன்ஜின்மேல் தப்பே இல்லை. யாரோ கழற்றி, எண்ணெயில் முக்கி, திரும்ப மாட்டியிருக்கிறார்கள்!

யாரோ என்ன யாரோ? வண்டியை விற்கத் துடிக்கிற அந்த அம்மாள்தான். 'நாளைக்கு அதே வாசல்ல வெச்சுப் போட்டு உடைக்கறேன்' என்று கறுவினார் உடும்பு.

காலையில் இருவரும் வந்தார்கள். பிளக்குகளைப் பார்த்ததும் அம்மாளின் முகம் வெளுத்தது.

"சார், இந்தத் துணியில இருக்கறது இன்ஜின் எண்ணெய். இந்த பிளக்ல இருக்கற எண்ணெயையும் பாருங்க. என்ன வித்தியாசம்னு நீங்களே சொல்லுங்க."

போஸ்ட் மாஸ்டர் பிளக்கை மூக்கருகே கொண்டுபோனார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கறுப்புதானேப்பா?"

உடும்புக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போஸ்ட் மாஸ்டர் பிளக்கைத் தட்டில் வைப்பதாக நினைத்து ஒரு சாண் தள்ளிப் போட்டார். கீழே விழுந்தது. செருப்பருகிலேயே கிடந்ததை, "எங்கே போச்சு?" என்று தேடினார்.

குனிந்து எடுத்த அம்மாள், நிமிரும்போது உடும்பிடம் கிசுகிசுத்தாள். "போன மாசம் பள்ளிக்கூட வாசல்ல இவர் வண்டிக்கு முன்னாடி ஒரு குழந்தை மயிரிழைல தப்பிச்சுது, தம்பி. கண் டாக்டர்னு பேச்செடுத்தாலே 'எனக்கென்ன கேடு'ன்னு கத்தறார். எனக்கு வேற வழி தெரியலை."

"அங்கே என்ன ரகசியம்? காரணம் தெரிஞ்சுதா இல்லையாப்பா?" என்றார் போஸ்ட் மாஸ்டர்.

எதிர்க்கடையில் எல்லாக் காதுகளும் இந்தப் பக்கம்தான் இருந்தன. உடும்பு உரக்கவே சொன்னார்:

"இல்ல சார். எனக்குப் பிடிபடலை. வண்டி இங்கேயே நிக்கட்டும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடும்பு கையைத் துடைத்துக்கொண்டு போஸ்ட் மாஸ்டரிடம் வந்தார்.

"கொஞ்ச நாளா எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு சார். அதான் நுணுக்கமான வேலை ஓட மாட்டேங்குது. டாக்டர்கிட்ட தனியா போகப் பயமா இருக்கு. துணைக்கு வர்றீங்களா?"

"அட, இதுக்குப் போயா பயப்படுவாங்க? கிளம்புப்பா, நான் இருக்கேன்!"

"முதல்ல உங்க கண்ணைப் பார்க்கச் சொல்லுவோம் சார். அதைப் பார்த்தா எனக்கும் தைரியம் வந்துடும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார் உடும்பு.