யாரையும் தொடாத அம்பு

கணினித் திரையில் ஒரு வரைபடம். அணை கட்டினால் முழுகப்போகும் ஊர்களைத் தொட்டுக் காட்டுவது சுட்டி அம்பின் வேலை. தொட்ட ஊர்களின் தலைகளைக் கூட்டிச் சொல்வது கூட்டல் பெட்டியின் வேலை.

அம்பு ஊர் ஊராக அலைந்தது. ஆனைமடு என்ற ஊருக்கு மேலே வெகுநேரம் நின்றது. தொட மனசு வரவில்லை. சும்மாவே திரும்பி வந்து, "யாரையும் தொடலேண்ணே, பூஜ்யம்னு போட்டுக்கோ" என்றது.

பெட்டி, மாவட்டத்து மொத்த ஜனத்தொகையையும் சொன்னது.

"ஐயோ, நான் ஒருத்தரையும் தொடலியே!"

"அதனாலதான் தம்பி. நீ யாரையும் தொடலேன்னா நான் எல்லாரையும் முழுகறவங்கன்னு கூட்டிடுவேன். அதுதான் என் வழக்கம்."

வரைபடத்தில் ஆற்றின் நீலம் மெல்லக் கரையேறியது. ஆனைமடுவை மட்டும் தொட்டால் மற்ற ஊர்களாவது தப்பும் என்று அம்பு பதறி ஓடியது.

தொடுவதற்கு ஓர் ஊரும் மிச்சமில்லை.