மொட்டு வந்ததும் வாங்க

"மேடம், தைலத் தாத்தா வந்துட்டாரு. இந்த வாரமும் அதே மரத்துக் கிளைதான்." உதவிக்கு இருக்கும் பெண் முகத்தைச் சுளித்தாள்.

மரம் செடிகளை இன்னதென்று அடையாளம் சொல்லும் அலுவலகம் அது. அதன் பின்னறையில் காய்ந்த இலைகளோடு காலம் தள்ளுபவர் மேடம்.

பெரியவர் கிளையை மேஜைமேல் வைத்தார். "தைல மரத்துல இது எந்த வகை, பூர்வீகம் எதுன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கும்மா."

மேடம் லென்ஸை எடுத்துப் பார்த்தார். "இலையை மட்டும் வச்சுச் சொல்ல முடியாதுங்க. மொட்டு வந்ததும் வாங்க."

மொட்டு வந்தது. "காயும் வேணுமே." காயும் வந்தது. "இது பிஞ்சுங்க. முத்தட்டும்."

செவ்வாய்க்கிழமை தவறாமல் பெரியவர் வருவார். நடுவில் டீ வரும். பேச்சு மழை, முழங்கால் வலி, வெளிநாட்டு மகன் என்று எங்கெங்கோ போகும்.

"வயசானவரை இப்படியா அலைய விடுவாங்க? தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடலாமே!" காதில் விழட்டும் என்றே அந்தப் பெண் முணுமுணுத்தாள்.

மேடத்துக்குத் தெரியாமல் என்ன? முதல் நாள் இலையைக் கசக்கியதுமே எலுமிச்சை வாசம் குப்பென்று காட்டிக் கொடுத்துவிட்டது. ஆனால் பெயரைச் சொல்லிவிட்டால் பெரியவர் அப்புறம் எதற்கு வரப் போகிறார்? அந்த அறையை வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் போனாலும் பேச்சுக்கு ஆளில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை பெரியவர் வரவில்லை. மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. என் சுயநலத்துக்கு அவரை நடக்க வைத்துவிட்டேனே! இன்று உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஆபீஸ் முடிந்ததும் கிளம்பினார். பெரியவர் சொல்லியிருந்த பின் தெருவில் கூரைகளுக்கு மேல் தலை நீட்டும் தைல மரம் ஒன்றே ஒன்றுதான். வீடு சுலபமாகக் கிடைத்தது.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரியவர் கதவைத் திறந்தார். "வெறும் சளிதாம்மா. நீங்க தனியா டீ குடிச்சிருப்பீங்களேன்னுதான் வருத்தமா இருந்துச்சு."

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்த மேடத்தின் பார்வை மரத்தில் போய் நின்றது.

அடிமரத்தில் கம்பியால் கட்டிய தகரப் பலகை. பெயிண்ட் மங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

'எலுமிச்சைத் தைல மரம். பூர்வீகம்: ஆஸ்திரேலியாவின் வறண்ட மலைச்சரிவுகள்.'

கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் பெரியவர் தலையைக் குனிந்தார். "கன்னு வச்சப்பவே நான் எழுதினதும்மா..."

மேடம் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"எழுதி வச்சதை எல்லாம் நம்ப முடியாதுங்க. பட்டையையும் பாக்கணும். அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டு வாங்க."