குடிக்கிற மாப்பிள்ளை

"மாப்பிள்ளை நல்லாக் குடிப்பாராடி? நம்ம பேட்டை பீரைத்தானே?" என்று அத்தை கேட்டாள். செண்பகவல்லி வெட்கத்தோடு தலையாட்டியதும் வீடே நிம்மதியானது. பேட்டை ஆலையில் காய்ச்சிய பீரை எவ்வளவு குடிக்கிறார்களோ, அவ்வளவுதான் வீட்டுக் குழாயில் தண்ணீர். வெளியூர் பீருக்குச் சொட்டும் கிடையாது.

கல்யாணமானதிலிருந்து மாப்பிள்ளை துரைக்கண்ணு குறை வைக்காமல் குடித்தான். இப்போது கண்கள் மஞ்சளாகி, வயிறு வீங்கிக் கிடந்தான். இனி ஒரு மடக்குக் குடித்தாலும் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். அவன் நிறுத்தினான், குழாயும் நின்றது.

"நான் போய்க் குடிச்சிட்டு வரேங்க" என்றாள் செண்பகவல்லி.

"பால் குடுக்குறவ குடிக்கிறதா? கிறுக்கி!" என்று சிரிக்கப் பார்த்தான்.

மடியில் குழந்தை வற்றிய மார்பைச் சப்பிச் சப்பி அழுதது. துரைக்கண்ணு ஆணியில் தொங்கிய தன் கோப்பையை எடுத்தான். அவள் தடுக்கவில்லை, குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் படியிறங்கினான்.