எதிர்ப் போர்ஷன் கிடார்

எதிர்ப் போர்ஷன் கதவை ரவிச்சந்திரன் இரண்டு கையாலும் தட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள் மகள் கனிமொழி அலறிக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் எலெக்ட்ரிக் கிடார் அதைவிடப் பெரிதாக அதிர்ந்தது.

ஸ்ரீநாத் திறந்தான். கோயம்புத்தூர்ப் பையன், தனிக்கட்டை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஸ்பீக்கர் பெட்டி ஜன்னலில், கீழே வீட்டுக்காரர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. தன் வித்தை ஊருக்கே கேட்கணும்னு நினைப்பு என்று ரவிச்சந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தம்பி, எம்பொண்ணு அலறுறது காதுல விழலையா?”

“விழுதுங்கண்ணா.” பதில் சொல்லும்போதும் அவன் விரல் கம்பியை விடவில்லை.

“விழுந்துமா வாசிக்கிற?”

“பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுங்க. ரொம்பச் சுலபம். கத்துக்கறவங்க மொதல்ல இதத்தான் வாசிப்பாங்க.”

“சுலபமா? நாலு மாசமா மொத வரியத் தாண்டலையேப்பா நீ.”

அவன் மறுபடி அதே முதல் வரியைத் தொடங்கினான்.

கனிமொழிக்குப் பத்தொன்பது வயது. மூளைக்காய்ச்சலில் பிழைத்தவளுக்குப் பேச்சு போய்விட்டது. பொழுது சாய்ந்தால் அலறல் மட்டும் வரும். அதற்காகவே காட்டுப்பாக்கத்தில் காலி பண்ணச் சொன்னார்கள். திருநின்றவூரில் வாசற்படியில் எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போட்டுவிட்டு அப்புறம் சொன்னார்கள்.

நாலு மாதத்துக்கு முன் வந்த பாரிவாக்கத்து இந்த மாடிதான் நிலைத்தது. இதையும் விட்டால் போக்கிடம் இல்லை. வீட்டுக்காரர் திருவேங்கடம் அலறலைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெருமாள்தான் அவர் மனசுக்குள் இருந்து காப்பாற்றுகிறார் என்று ரவிச்சந்திரனின் மனைவி சுலோசனா சனிக்கிழமை தவறாமல் நெய்விளக்கு ஏற்றினாள்.

ஆனால் இந்தக் கிடார்? அலறலும் அதுவும் ஒன்றாகத் தொடங்கும், ஒன்றாக அடங்கும். இதுதான் பிள்ளையைக் கிளப்பிவிடுகிறது என்று ரவிச்சந்திரன் முடிவு கட்டிவிட்டார். வீட்டுக்காரர் பொறுமை தீர்வதற்குள் இதற்கு ஒரு வழி பண்ணவேண்டும்.

கீழே இறங்கினார். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு நின்ற திருவேங்கடத்திடம், மகள் பேச்சை எடுக்காமல், கிடார் தொல்லையை மட்டும் சொன்னார்.

“எனக்கும் ரோதனதான் நைனா. வயசுப் பையன், கத்துக்கினு கீறான்னு உட்டேன். இப்ப நீயே சொல்லிட்ட, காலி பண்ணச் சொல்லிடறேன். உங்களால ஒரு தொல்லயும் கெடையாது. நிம்மதியா இரு.”

எவ்வளவு பெரிய மனசு என்று ரவிச்சந்திரன் கைகூப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஸ்ரீநாத் உறைபோட்ட கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். முகத்தில் கோபம் இல்லை. கனிமொழிக்கு என்று ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினான். சுலோசனா தயங்கி வாங்கிக்கொண்டாள்.

“அண்ணா, இனிமே சாயங்காலத்துல டிவியக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்குங்க.”

போகிறபோதும் குத்திவிட்டுப் போகிறானே என்று நினைத்த ரவிச்சந்திரன் கதவைச் சாத்தினார்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரம். சுலோசனா திரியைத் தூண்டியபடி, “பாத்தீங்களா, புள்ள எவ்வளவு அமைதியா இருக்கா” என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, கனிமொழி அலறினாள். எதிர்ப் போர்ஷன் பூட்டிக் கிடந்தது. அலறல் துணைக்கு ஆளில்லாமல் தனியாகப் படி இறங்கித் தெருவுக்குப் போனது. ரவிச்சந்திரன் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். அதற்குள் படியில் செருப்புச் சத்தம் மேலேறி வந்துவிட்டது.

திருவேங்கடத்தின் பார்வை ரவிச்சந்திரனைத் தாண்டி, சுவரோரம் ஒடுங்கி அலறிக்கொண்டிருந்த பெண்ணின்மேல் போய் நின்றது.

“இன்னா நைனா இது?” என்றார் மெதுவாக. “அந்தக் கத்தல் பாட்டுல வர்றதுன்னுதான அந்தக் கிடாருப் பையன் எங்கிட்ட சொன்னான்?”