பித்தளையில் பொறித்த பெயர்

கிழவர் ஸ்க்ரூடிரைவரால் பித்தளைப் பலகையில் பொறித்திருக்கும் தன் பெயரைச் சுரண்டி அழித்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தேடிக் கண்டுபிடித்த ஆய்வாளர் பெண் ஓடிவந்து கையைப் பிடிக்கிறாள். காட்சிக்கூட வெளிச்சத்தில் பித்தளைத் தூள் மின்னுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் போர்க்கால ரேடியோ குண்டு சாதுவாகப் படுத்திருக்கிறது. “இதைச் செஞ்ச இன்ஜினியர் யாருன்னு நாயா அலைஞ்சேன் ஐயா. இப்படிப் பண்றீங்களே!” “அலையச் சொன்னது யாரும்மா?” “விமானம் கிட்ட வந்தாலே தானா வெடிக்கிற குண்டு! சாதாரண மூளையா?” “வர்றது யாருன்னு கேக்கத் தெரியாத மூளை.” அவர் சிரிக்கிறார், சிரிப்பில் ஈரமே இல்லை. அவள் பிடி தளர்கிறது. அவர் கை மறுபடி சுரண்டுகிறது. “முதல் நாளே நம்ம விமானம் ஒண்ணை வீழ்த்திடுச்சு. ரகசியம்னு மூடி மறைச்சுட்டாங்க.” “ஓட்டினது யாரு?” அவர் தூளை ஊதுகிறார். “என் தம்பி.”